விட்டுக் கொடுக்கும் வித்தை

இரண்டு வித்வான்கள் ஒரே மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டால் நம்மவர்களுக்கு உடனே ஓர் ஆசை பிறந்துவிடுகிறது. "இன்றைக்கு யார் யாரை மடக்கப் போகிறார்?" என்பதுதான் அது. மேடையில் இருப்பவர்கள் சுருதி சேர்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கீழே ஜமக்காளத்தில் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருக்கும் நமக்கோ அந்தச் சிரிப்பிலேயே சேவல் சண்டையின் வாடை அடிக்கும். "ஒரே உறையில் இரண்டு கத்தியா?" என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பார். கச்சேரி முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுகூட, "அவர்தான் ஒரு மாற்று அதிகம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வீடு திரும்புவோம்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. சியாமா சாஸ்திரிகளைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. பொப்பிலி கேசவய்யா என்ற மகா வித்வான் ஊர் ஊராகச் சென்று பாடகர்களைத் தோற்கடித்துப் பட்டங்களைப் பறித்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தாராம். அங்கே சிம்மநந்தனம் என்ற 128 அட்சரத் தாளத்தில் அவர் பல்லவி பாட, சாஸ்திரிகள் காமாட்சியை வேண்டிக்கொண்டு சபைக்குப் போய், சரபநந்தனம் என்ற 79 அட்சரத் தாளத்தில் பதில் பாடி வென்றாராம். கதை சரித்திரமோ, பக்தர்கள் வளர்த்ததோ, அது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சியாமா சாஸ்திரிகளின் கிருதிகளில் ஒன்றைக்கூடக் கேட்டிராதவர்களுக்கும் இந்தப் போட்டிக் கதை தெரிந்திருக்கிறது. பாட்டை விடப் பந்தயம் நம் நினைவில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது!

கதை எழுதுகிறவர்களுக்கும் பந்தயம் கைகொடுக்கும் சரக்குத்தான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்துக்கும் சதங்கைக்கும் போட்டி என்றதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வாரா வாரம் பத்திரிகைக்கு அடிதடி. 1968-ல் அது ஏ. பி. நாகராஜன் டைரக்ஷனில் படமாக வந்தபோது, சிவாஜி கணேசனும் ஏ. வி. எம். ராஜனும் நாதஸ்வரம் பிடித்த தோரணையைக் கண்டு கொட்டகையே மெய்ம்மறந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் உண்மையாக ஊதியவர்கள் யார்? மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி என்ற இரண்டு சகோதரர்கள். ஊரே போட்டி என்று நினைத்து ரசித்த நாதம், ஒரு வீட்டில் பிறந்து ஒன்றாகவே சாதகம் செய்த இரண்டு பேருடைய ஒற்றுமையிலிருந்து வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். போட்டியைப் போலக் காட்டுவதற்கே அத்தனை ஒற்றுமை வேண்டியிருக்கிறது!

இரண்டு வித்வான்கள் சேர்ந்து வாசிப்பதில் இருக்கும் ரகசியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். வெளியே பார்ப்பவனுக்கு மல்யுத்தம். உள்ளே நடப்பது விளையாட்டு. அந்த விளையாட்டுக்கு முதல் விதி, எதிராளி தோற்கக் கூடாது என்பது.

இரட்டை நாயனம் வாசிக்கும் முறைக்குப் பெரிய கௌரவத்தைத் தேடித் தந்தவர்கள் திருவீழிமிழலை சகோதரர்கள், சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும். கிருதிகளைச் சாகித்தியம் சிதையாமல், சொல் சொல்லாகக் காதில் விழும்படி இரண்டு நாயனங்களில் ஒரே மூச்சாக வாசித்தவர்கள். 1956-ல் சென்னை சங்கீத வித்வத் சபை சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. நாதஸ்வரத்தில் மூச்சுத்தான் மூலதனம். ஒருவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மற்றவர் நாதத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எங்கே வாங்கினார், எங்கே கொடுத்தார் என்பது கேட்பவனுக்குத் தெரியவே கூடாது. பந்தியில் பரிமாறுகிறவர்கள் ஒருவர் கை ஓய்கிற இடத்தில் மற்றவர் கை நீட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி.

கூடப் பிறந்தால்தான் இது வரும் என்று யாராவது சொன்னால், ஆலத்தூர் சகோதரர்களைக் காட்டுங்கள். சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் சகோதரர்களே அல்ல! சிவசுப்பிரமணிய ஐயரின் தகப்பனார் வெங்கடேச ஐயரிடம் இருவரும் சேர்ந்து சிட்சை பெற்றார்கள், சேர்ந்து பாடினார்கள், ஊர் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கிவிட்டது. லயக் கணக்கில் அவர்களுடைய பல்லவியைப் போல் சிக்கலானது அந்நாளில் அபூர்வம். இரண்டு பேர் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே இடத்தில் வந்து இறங்குவதென்றால், ஒருவர் மனசில் ஓடுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும். ரத்தபந்தத்தால் மட்டும் வருகிற காரியமா இது?

நம் கச்சேரியில் இந்த விளையாட்டுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 'குறைப்பு' என்று பெயர். பாடகருக்கும் பிடில்காரருக்கும் கல்பனாஸ்வரத்தில் இது உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும், கஞ்சிராவுக்கும் இது உண்டு. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை வைத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் ஓர் ஆவர்த்தனம் முழுவதும் வாசிப்பார். மற்றவர் அதற்கு ஓர் ஆவர்த்தனம் பதில் சொல்வார். பிறகு எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். வாக்கியமாக இருந்த பேச்சு வார்த்தையாகிறது, வார்த்தை எழுத்தாகிறது, எழுத்து வெறும் "உம்" ஆகிறது. சில வித்வான்கள் நேர்ப் பாதியை விட்டுவிட்டு ஏழு, ஐந்து, மூன்று என்று குறைத்துக்கொண்டு வருவதும் உண்டு. கடைசியில் கேள்வி எது, பதில் எது என்று பிரிக்க முடியாத நெருக்கம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மோராவைப் போட்டுக் கோர்வையில் முடிப்பார்கள்.

இந்தக் கணக்கில் இருக்கும் நியாயத்தைப் பாருங்கள். பெரிய வித்வான் என்பதற்காக ஒருவருக்கு எட்டு, சின்னவர் என்பதால் மற்றவருக்கு ஆறு என்று கிடையாது. மிருதங்கக்காரர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் தம் பங்கு முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கடக்காரர் பதினெட்டு வயசுப் பையனாக இருந்தாலும் அவருக்குச் சேர வேண்டிய எட்டு அவருக்குச் சேரும். வாசிக்கும் நேரம் குறையக் குறைய, மற்றவர் வாசிப்பைக் கேட்க வேண்டிய கவனம் கூடுகிறது.

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பக்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கச்சேரிகள் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை தாமே மிருதங்கத்தில் சிகரத்தைத் தொட்டவர், இடக்கை வாசிப்புக்காரர், மணி ஐயருக்கு ஈடாக நாடெங்கும் பேசப்பட்டவர். அப்படிப்பட்டவர் ஒரு சாண் அகலமுள்ள கஞ்சிராவோடு சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய அந்தஸ்து குறைந்துவிட்டதா? கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாக நான் அறியேன்.

எங்கள் தாம்பரம் பக்கத்து ரசிகர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குச் சங்கீதமும் ரயில் அட்டவணையும் பிரிக்க முடியாதவை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ கச்சேரி கேட்டுக்கொண்டிருப்போம். பிரதான ராகம் முடிந்து, தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கக்காரர் முதல் சொல்லைப் போட்டதும், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வாசிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், ரயில் போய்விட்டால் அடுத்தது எப்போதோ! ரயில் அவசரம் இல்லாத உள்ளூர்க்காரர்களும் இதே சாக்கில் காப்பி குடிக்க எழுந்துவிடுவார்கள் என்பது வேறு கதை. ஆகக்கூடி, கச்சேரியிலேயே மிக நல்ல சம்பாஷணை நடக்கிற நேரத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஒருவர் பேச எல்லோரும் கேட்பது நமக்குப் பழக்கம். இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்கப் பொறுமை இல்லை.

அதே ரயில் மார்க்கத்தில் இன்னொரு சங்கீதமும் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கங்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வெகுகாலமாக வாழ்ந்து வந்திருக்கின்றன. மார்கழியில் ஒரு தெருவில் திருப்பாவை கேட்டால் அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கிதார் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, மாணவர் விடுதிகள் வழியாகவும் அந்த வாத்தியம் எங்கள் ஊருக்குப் பழக்கமாயிற்று. நம்மவர்கள் வெகுநாள் வரை கிதாரை ஒரு பொழுதுபோக்குச் சாமானாகவே நினைத்தார்கள். "டொய்ங் டொய்ங் என்று தட்டுவதில் என்ன வித்வத்?" என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. அவர்கள் அமெரிக்க நாட்டுப்புறக் கிதார் வித்வான்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு ராஜ்யம். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அதன் மேற்குப் பகுதியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற நீக்ரோ இனக் கலைஞர் ஒருவர் இருந்தார். 1886-ல் பிறந்து 1931-ல் காலமானவர். கட்டை விரல் தாளத்தையும் மந்தர ஸ்தாயியையும் மாறிமாறித் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே ராகத்தை வாசிக்கும் ஒரு வகை வாசிப்பு அவர் வழியாக அந்தப் பிரதேசத்தில் பரவியது என்பார்கள். சுரங்கத் தொழிலாளிகள் சிலர் அதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து மெர்ல் டிராவிஸ் என்ற இளைஞருக்கு வந்தது. டிராவிஸின் வாசிப்பை ரேடியோவில் கேட்டார், ஜார்ஜியாவில் இருந்த செட் அட்கின்ஸ் என்ற பையன்.

இங்கேதான் வேடிக்கை. டிராவிஸ் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்துக்கொண்டே அத்தனை ஜாலமும் செய்தார். ரேடியோவில் விரல் தெரியுமா? இரண்டு விரலால் இவ்வளவு வராது என்று தீர்மானித்த அட்கின்ஸ், கட்டை விரலோடு மூன்று விரல்களைச் சேர்த்துச் சாதகம் செய்தார். அதனால் அவருக்கென்று ஒரு புதிய பாணியே பிறந்துவிட்டது. மறைந்து நின்று வித்தை கற்ற ஏகலைவனுக்குக் கட்டை விரல் போயிற்று. இவருக்கோ கட்டை விரலோடு இரண்டு விரல் லாபம்!

செட் அட்கின்ஸ் பிற்காலத்தில் நாஷ்வில் நகரத்தில் ஆர். சி. ஏ. இசைத்தட்டுக் கம்பெனியின் பெரிய அதிகாரியானார். கிதாரில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று பெயர். அந்த நிலையில் இருப்பவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? தம்மை விடச் சாமர்த்தியம் உள்ளவன் யாராவது வந்தால் வாசற்படியிலேயே நிறுத்திவிடுவார்கள். அட்கின்ஸ் நேர்மாறாகச் செய்தார். ஜெர்ரி ரீட் என்று ஒருவர் வந்தார். அட்லாண்டாவில் பிறந்தவர், இளமையில் பஞ்சாலையில் வேலை செய்தவர், அட்கின்ஸை விடப் பதின்மூன்று வயசு இளையவர். நரம்புக் கிதாரில் துள்ளித் துள்ளி ஓடும் ஒரு முரட்டுக் குறும்பு அவருடைய வாசிப்பு. அட்கின்ஸ் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் புனைந்த உருப்படிகளைத் தாமே சிரமப்பட்டுப் பாடம் செய்து வாசித்தார். 1970-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு கிராமி பரிசு பெற்றது. 1972-ல் இன்னொன்று. முதலில் 'நானும் ஜெர்ரியும்' என்று பெயர். அடுத்ததில் 'நானும் செட்டும்' என்று மாற்றிக்கொண்டார்கள். யார் 'நான்', யார் கூட வந்தவர் என்பதில்கூடக் குறைப்புக் கணக்குத்தான்: உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

1974-ல் தம் மானசீக குருவான டிராவிஸோடு சேர்ந்து அட்கின்ஸ் ஒரு தட்டு வாசித்தார். 1976-ல் லெஸ் பால் என்ற கிழவரோடு இன்னொன்று வெளிவந்தது. மின்சாரக் கிதாரின் வளர்ச்சியில் பெரும் பங்கு உள்ளவர் லெஸ் பால். அந்தத் தட்டில் இருவரும் வாசிப்புக்கு நடுவே ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்ளும் பேச்சும் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை வெட்டி எறியாமல் வைத்தார்களே, அதுதான் ரசனை. அட்கின்ஸ் தமக்குத் தாமே ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டார்: 'சான்றிதழ் பெற்ற கிதார்க்காரர்'. பட்டங்களைப் பரிகசிப்பதற்காகவே ஒரு பட்டம்! ஜெர்ரி ரீட் முதலாக விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு அதை அவரே வழங்கினார். நம் நாட்டில் பொன்னாடைகளின் கனத்தில் வித்வான்கள் நெளிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஹாஸ்யத்தின் அருமை நன்றாகவே விளங்கும்.

இதெல்லாம் கடல் கடந்த சமாசாரம். நம் கச்சேரி மேடையில் இந்த மாதிரி வாத்தியங்களுக்கு இடம் உண்டா? இடம் இருக்கிறதா என்று கேட்டால், பிடில் எந்த ஊர் வாத்தியம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்த வாத்தியம் அது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்தவராகி, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி இல்லை. ஆனால் பிடிலுக்கு மெட்டு கிடையாது. விரல் வழுக்கிக்கொண்டு போகலாம். கமகத்துக்கு வசதி. கிதாருக்கும் மாண்டலினுக்கும் கழுத்து முழுவதும் உலோக மெட்டுகள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் படிக்கட்டில் ஏறுவது போல ஏற வேண்டும். நம் சங்கீதமோ படிக்கும் படிக்கும் நடுவே இருக்கும் இடத்தில்தான் குடியிருக்கிறது!

வீணைக்கு மட்டும் 24 மெட்டுகள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அவை மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைக் காட்டிவிடலாம். இந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் இங்கிலாந்தில் பிறந்த ஜான் மக்லாஃப்லின். அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் கற்பித்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். தம் கிதாரின் மெட்டுகளுக்கு நடுவே இருந்த மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் செய்தார், தந்தியை இழுக்க இடம் கிடைக்கும் என்று. 1970-களில் அவர் சேர்த்த 'சக்தி' என்ற கோஷ்டியில் பிடிலுக்கு நம் சென்னை எல். சங்கர், கடத்துக்கு டி. எச். விநாயக்ராம், தபலாவுக்கு பம்பாய் ஜாகிர் உசேன். கிதாரும் பிடிலும் நம் குறைப்பு முறையில் கேள்வியும் பதிலுமாக ஓடி, ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து கோர்வையில் விழுவதை மேல்நாட்டார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே யாரும் எழுந்து போகவில்லை.

இனி, இந்தக் கட்டுரைக்கே காரணமானவரிடம் வருகிறேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

1969 பிப்ரவரி 28-ந் தேதி ஆந்திராவில் மேற்கு கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த பாலகொல்லில் பிறந்தவர். தகப்பனார் சத்தியநாராயணா பாண்டு வாத்தியக்காரர். வீட்டில் கிடந்த மாண்டலினைப் பையன் ஆறாவது வயசில் கையில் எடுத்தான். அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கற்றுக்கொடுக்க ஆள் ஏது? செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுத் தந்தியில் தேடிப் பிடிப்பான். குரு வாயால் கேட்க, சிஷ்யன் விரலால் பதில் சொல்ல, அவனுடைய முதல் பாடமே இருவர் கச்சேரியாக அமைந்துவிட்டது. 1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி, வயசு ஒன்பது. 1981-ல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி மேடையில் வாசித்தபோது நகரமே திரும்பிப் பார்த்தது. 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா.

சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள். ஜோடியாக இருப்பதை இழுத்தால் சுருதி ஒன்று சேராது. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விலக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினை வைத்துக்கொண்டார். மீட்டியவுடன் செத்துப்போகும் நாதம் மின்சாரத்தால் நீண்டது. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க அவகாசம் கிடைத்தது. சம்பிரதாயக்காரர்கள் சிலர் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பையன் விவாதம் பண்ணவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த ராகத்தை எடுத்தான்.

அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமான ஸ்வரக் கோவை வந்தாலும் முகத்தில் ஒரு கோணல் கிடையாது. தம்பி ராஜேஷ் வளர்ந்து பக்கத்தில் இன்னொரு மாண்டலினோடு உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கூடிவிட்டது. அண்ணா ஒரு ஸ்வரக் கட்டை வீசுவார். தம்பி அதைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றித் திருப்பி அனுப்புவார். அண்ணாவின் தலை மெல்ல அசையும், "இரு, இதற்கு ஒன்று வைத்திருக்கிறேன்" என்பது போல. ராஜேஷ் அவருக்குத் தம்பி மட்டுமல்ல, சிஷ்யரும்கூட. கற்றுக்கொடுத்தவனுக்குச் சிஷ்யனை மடக்குவதா கஷ்டம்? நினைத்தால் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடலாம். அப்படித் தாண்டினால் அங்கே கச்சேரி இருக்கும், விளையாட்டு இருக்காது. தம்பிக்கு எட்டுகிற உயரத்துக்குச் சற்று மேலே பந்தை எறிய வேண்டும். அவன் எம்பிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அண்ணாவுக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்க வேண்டும். 'தம்பியுடையான் படைக்கு அஞ்சான்' என்ற பழமொழிக்கு மேடையில் கிடைத்த வியாக்கியானம் இது.

1990-களின் கடைசியில் மக்லாஃப்லின் பழைய 'சக்தி'யை மறுபடியும் உயிர்ப்பித்தபோது, கிதாருக்கு எதிரே ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. இரண்டும் மெட்டு வைத்த மேல்நாட்டு வாத்தியங்கள்; இரண்டும் கமகத்துக்காக உடலை மாற்றிக்கொண்டவை. வாசித்தவர்களில் ஒருவர் மற்றவரை விட 27 வயசு மூத்தவர். கடம் விநாயக்ராமின் பிள்ளை செல்வகணேஷ் கஞ்சிராவோடு பக்கத்தில் இருந்தார். இந்த மேடையில் நிலைமை தலைகீழ். வீட்டில் அண்ணாவாக இருந்து இடம் கொடுத்தவர், இங்கே இளையவராக இருந்து இடம் பெற்றுக்கொண்டார். கிதார் வேகத்தில் சவால் விட்டால் மாண்டலின் சில சமயம் வேகத்தாலேயே பதில் சொல்லும். சில சமயம் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துக் குழைத்து நிறுத்திவிடும். நூறு வார்த்தைக்கு ஒரு புன்சிரிப்புப் பதில் ஆகிவிடும். எதிரே இருப்பவர் அந்தப் புன்சிரிப்பைப் புரிந்துகொண்டு கையை எடுத்துவிடுவார். அந்த ஒரு கண நிசப்தத்தில் இருக்கும் மரியாதை, மாலை போட்டு மேடையில் பேசும் பாராட்டுரைகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

"பக்தி எங்கே? பாவம் எங்கே? இது வெறும் விளையாட்டுத்தானே?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உலகத்தைப் படைத்ததையே இறைவனின் திருவிளையாடல் என்று சொல்லுகிற நாடு இது. மதுரையில் அறுபத்து நான்கு திருவிளையாடல்களைப் புராணமாக வைத்துப் படிக்கிறோம். விளையாட்டு என்றால் இலேசானது என்று நமக்கு யார் சொன்னார்கள்? குழந்தைகள் விளையாடும்போது முகத்தைப் பாருங்கள். அவ்வளவு சிரத்தையைக் கோயிலில்கூடப் பார்க்க முடியாது. அதோடு, தனியாக அழலாம், தனியாகப் பிரார்த்தனை செய்யலாம். தனியாக விளையாட முடியுமா? எதிரே ஓர் ஆள் வேண்டும்.

2014 செப்டம்பர் 19-ந் தேதி சென்னையில் ஸ்ரீநிவாஸ் காலமானார். வயசு 45. ஒரு வித்வான் போனால் அவர் வாசித்த ராகங்கள் இசைத்தட்டில் இருக்கின்றன என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோம். ஜோடி வாசிப்பில் அந்த ஆறுதல் பாதிதான். எந்தக் கட்டை வீசினால் எப்படித் திரும்பி வரும் என்று எதிரே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பாஷை இருந்தது. அதில் பேசுவதற்கு இனி ஓர் ஆள்தான் பாக்கி. ராஜேஷ் தொடர்ந்து வாசித்து வருகிறார். ஜெர்ரி ரீட் 2008-ல் போனார். அவருக்கு ஏழு வருஷம் முன்னால், 2001-ல், செட் அட்கின்ஸ் போய்விட்டார். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் விடைபெற்றார். இசைத்தட்டைப் போட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்கள்.

ஆனாலும் பாஷை அழியவில்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. கிண்டி ஐ. ஐ. டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டுக் கிதாரைக் கையில் எடுத்த பிரசன்னா, தியாகராஜ கிருதிகளை அதில் வாசித்துக் காட்டிவிட்டார். மாண்டலின் என்றால் சினிமாப் பாட்டு வாத்தியம் என்று இன்று எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. மார்கழி வந்தால் மேடைகளில் சகோதரர்களும் சகோதரிகளும், சகோதரர்களாக ஆகிவிட்ட சிநேகிதர்களும் ஜோடி ஜோடியாக வந்து உட்காருகிறார்கள்.

அடுத்த தடவை நீங்கள் அப்படி ஒரு ஜோடியைக் கேட்கப் போனால் என் பொருட்டு ஒரு காரியம் செய்யுங்கள். வாசிக்கிறவருடைய விரலைப் பார்க்காதீர்கள். அதை எல்லோரும் பார்ப்பார்கள். தம் முறைக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, அந்த இன்னொருவர் முகத்தைப் பாருங்கள். தாம் அடுத்து வாசிக்கப்போவதை அவர் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தால் அது போட்டி. எல்லாவற்றையும் மறந்துவிட்டு, சிநேகிதர் இப்போது என்ன செய்யப்போகிறாரோ என்று பச்சைக் குழந்தையைப் போல வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தால், ரயில் போனால் போகட்டும், உட்கார்ந்து கேளுங்கள்.